ஹெர்மன் பென்னரின் ஒன்பதாவது பெயர்

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை ஜெபவீட்டு அடுப்பின் புகைக்குழாயை நானும் அப்பாவும் கழற்றித் தட்டினோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. நான் தலைநகர் பிஷ்கேக்கில் அனல் மின் நிலையமொன்றில் கொதிகலன் பொறியாளர்.

"படிச்ச பொண்ணே, குழாயை நேராப் பிடி. கரி என் மூஞ்சில கொட்டுது."

"நீங்கதான்பா தலையை உள்ள விடுறீங்க."

அப்பா ஹெர்மன் பென்னர், டிராக்டர் மெக்கானிக். எங்கள் முன்னோர் ஜெர்மானியர்; ஊரில் பாதிப் பேர் ஜெர்மனிக்கே போய்விட்டார்கள். அவர் போகவில்லை. நாற்பது வருடமாக ஜெபவீட்டு அடுப்பு அவர் பொறுப்பு. அவருடைய பக்தி பருவத்துக்கேற்ப நடந்தது. பனிக்காலத்தில் அடுப்புக்காகச் சபைக்குப் போவார். கோடையில் மீன் பிடிக்கப் போவார். எல்லோரும் முழங்காலிட்டு ஜெபிக்கும்போது, "நெருப்பை யார் பாக்குறது?" என்று சாம்பலைக் கிளறுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மா இறந்தாள். அந்த வருட அறுப்பின் பண்டிகையில், பூசணிகளுக்கும் ஆப்பிள் கூடைகளுக்கும் நடுவே அப்பா முழங்காலிட்டார். ஜெபம் முடிந்தும் எழவில்லை. மூட்டு பிடித்துக்கொண்டது என்று இரண்டு பேர் தூக்க ஓடினார்கள்.

"விடுங்கய்யா. பேசிட்டிருக்கேன்."

எங்கள் சபையில் வளர்ந்தபின் தானாகக் கேட்பவருக்கே ஞானஸ்நானம். அப்பா இந்த வருடம்தான் கேட்டார். வயது எழுபத்திரண்டு. மூப்பர் ஆப்ராம் பெந்தெகொஸ்தே ஞாயிறைக் குறித்தார். தண்ணீரில் இறங்குமுன், தான் தவறு செய்த எல்லோரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். ஒருவர் மிச்சமிருந்தாலும் மூப்பர் தண்ணீரில் இறங்க விடமாட்டார். அப்பா ஒன்பது பெயர்களை எழுதிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போலக் கிளம்பினார். பழைய குறும்புகளை முழுதாக இன்னொரு முறை சொல்லலாமே.

முதலில் மூப்பர்.

"சகோதரரே, ஒரு பனிக்காலம் முழுக்க, பிரசங்கத்துக்கு முன்னால எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது ஜெபவீட்டுக் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால தள்ளி வச்சேன்."

மூப்பரின் முகம் மாறியது. "நான் சுருக்கமாப் பேசுறேன்னு அந்த வருஷம்தான்யா எல்லாரும் பாராட்டினாங்க!"

மன்னிக்க அவருக்கு நான்கு நாள் ஆனது.

குழாய் தட்டிய அன்று எட்டுப் பெயர்கள் முடிந்திருந்தன. ஒன்பதாவது, வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கும் ஜுமாபெக். இருபது வருடமாக அப்பாவோடு சதுரங்கம் ஆடுபவர். அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதெல்லாம் அப்பா ஒரு காயை நகர்த்திவிடுவார்.

"போய்ச் சொல்லிடுங்கப்பா."

"சொன்னா இனிமே என்கூட ஆட மாட்டான்." குழாயைக் கீழே வைத்தார். "உங்கம்மா போனப்புறம் தினமும் பலகையைத் தூக்கிட்டு வந்தது அவன் ஒருத்தன்தான்."

"அப்போ ஞானஸ்நானம்?"

"சொல்லித்தான் ஆகணும். அவன் போனாலும் ஆண்டவர் இருப்பார்." மூக்கைத் துடைத்தார். கரி காதுவரை போனது. "என்ன, அவர்கிட்ட கள்ளாட்டம் ஆட முடியாது. சப்புனு இருக்கும்."

பெந்தெகொஸ்தேக்கு முந்தைய செவ்வாய், மாலையில் ஃபோன் செய்தார்.

"ஜுமாபெக் வீட்டுக்குப் போயிருந்தேன்."

"சொல்லிட்டீங்களா?"

"வாயைத் திறந்தேன். அதுக்குள்ள குதிரை கனைச்சுது, அவன் வெளிய போயிட்டான்."

"அப்பா!"

"சீக்கிரமே ஜெயிச்சுட்டேன். வெள்ளிக்கிழமை கண்டிப்பாச் சொல்லிடுறேன்மா."

வியாழன் காலை அவர் இதயம் நின்றது.

சனிக்கிழமை அடக்கம். ஒன்பதாவது பெயர் முடியவில்லை என்று மூப்பரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தேதி குறிச்சது நான். அவனைக் கூப்பிட்டது ஆண்டவர். நான் குறிச்ச தேதிக்காக அவர் காத்திருப்பாரா?"

மறுநாள் ஞானஸ்நானம் பெறுவோர் பெயர்களை வாசித்தபோது அப்பாவின் பெயரையும் வாசித்தார்.

திங்கட்கிழமை ஜுமாபெக் வந்தார். கக்கத்தில் பலகை.

"இருபது வருஷத்துல உங்கப்பனைப் பத்து தடவை கூட ஜெயிக்கலம்மா. என்னா மூளை அவனுக்கு!"

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"உனக்கு ஆட வருமா?" என்று கேட்டபடி காய்களை அடுக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை அப்பா சொல்லவேண்டியிருந்ததை இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.