அந்த மோட்ச தீபம் அணையவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் கோயில் காரியத்தைப் பற்றி எழுதுவதா என்று ஒரு பயம். அந்த தீபத்தின் கதையைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் மனசு நோகுமே என்றும் இருந்தது.

அப்போது நாங்கள் நடுக்கடல் தீவு ஒன்றில், கராச்சர்மா என்ற ஊரில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு சர்க்கார் வேலை. என் அக்காவை இலங்கையில், கிழக்குக் கரையில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அந்தக் கரையைப் புயல் அழித்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். கடல் ஊருக்குள் ஏறிவிட்டதாம். அக்கா ஊரின் பேரும் வந்தது. ரேடியோ ஊர் பேரைச் சொல்லும், ஆள் பேரையா சொல்லும்?

தந்தி கொடுத்தோம், பதில் இல்லை. தபாலானாலும் மனுஷரானாலும் ஜஹாஜ் என்று நாங்கள் சொல்லும் கப்பல் வந்தால்தான். எங்கள் பக்கமும் காற்றும் மழையுமாக இருந்ததால் அதுவும் வரவில்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து வழியை மறித்துக்கொள்ளும்.

எங்கள் தகரக்கூரை முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கூடுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தோம். ஜஹாஜ் வராவிட்டால் எங்கள் பானைக்கே அரிசி இல்லை. அப்படியும் சேர்ந்தது. மெயின்லேண்டு வழியாக இலங்கைக்கு அனுப்ப மூட்டைகளைச் சன்னிதி ஓரம் அடுக்கினார்கள். அத்தோடு, புயலில் போன ஆத்மாக்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மோட்ச தீபம் ஏற்றுவதென்றும் முடிவானது.

தர்மகர்த்தாவின் மனைவியை நாங்கள் மதினி என்போம். அவர் வீடு தேடி வந்து சொன்னார்: "அங்க சொந்தம் இருக்கறது உனக்குத்தான். மொதத் திரி நீதான் ஏத்தணும்."

ஏற்றினால், அக்கா போய்விட்டாள் என்று என் கையாலேயே சொன்ன மாதிரி. மறுத்தால், அத்தனை பேர் கடைத்தேற ஏற்றும் விளக்கைத் தடுத்த பாவம். இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று வேறெங்காவது போய்விடவும் முடியாது. குழாயடியில் அதே முகங்கள், கோயிலில் அதே முகங்கள். ஒரு காண்டிராக்டர் மனைவி என் காதுபடவே, "அரே, இவ அக்கா மட்டும் தண்ணி மேல நடந்து போயிருப்பா போல" என்றாள். வீட்டுக்காரரும் ஊரோடு ஒத்துப் போகச் சொன்னார். மதினி மட்டும் கையைப் பிடித்து, "செத்துட்டதா சேதி கெளம்புனா ஆயுசு கெட்டிம்பாங்க. தைரியமா ஏத்து தங்கச்சி" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தி. கோயில் நிறையக் கூட்டம். திரியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பின்னால் நகர இடமில்லை. எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன்:

"முருகா, இது போனவங்களுக்கு. எங்கக்கா இருந்தா அவளை இதுல சேத்துக்காதே."

ஏற்றினேன். கூரை ஒழுகியது. தீபத்தின் மேல் ஒரு சொட்டும் விழவில்லை. நெய் தீரும்வரை எரிந்தது.

காற்று அடங்கி வந்த ஜஹாஜில் அக்காவின் கார்டு வந்தது. அரிசி மூட்டைகள் அதே ஜஹாஜில் ஏறின. அக்கா இருக்கிறாள். அத்தானைக் கடல் கொண்டுபோய்விட்டது. அக்கா, அக்கா என்றே தவித்த நான், அத்தானை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஆனாலும் அந்த தீபம் அவருக்கும்தான் எரிந்திருக்கிறது.

நான் ஏற்றிய தீபம் தானாக அணைந்தது, அதனால் அக்கா பிழைத்தாள் என்று இன்று தூரத்து ஊரான பெரார்கஞ்ச் வரைக்கும் சொல்கிறார்கள். அக்கா பிழைத்தது முருகன் அருள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தீபம் அணைந்தது என்றால் அத்தானுக்கு விளக்கே இல்லாமல் போகிறது. இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டாமல், அது கடைசிவரை எரிந்தது என்றே சொல்லுங்கள்.