பம்பரத்தின் கழுத்துப் பட்டன்

அந்த அழகு நிலையத்தில் ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது. அவள் ஒரு தலைக்கு முடி வெட்டி முடிப்பதற்குள் வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்துவிடும் என்று கேலி பேசுவார்கள். அவ்வளவு நிதானம், அவ்வளவு சுத்தம். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் திடீரென்று பம்பரம் என்று பெயர் வந்தது.

கொஞ்ச நாளாக அவள் நடக்கவில்லை, பறந்தாள். தரையில் கிடக்கும் முடியைக் கூட்டவே வேண்டாம். அவள் குறுக்கே போனால் அதுவே மூலைக்கு ஒதுங்கியது. ஒரு குடும்பத்துச் சாப்பாட்டை ஒற்றை ஆளாக முடித்தாள், ஆனாலும் இடுப்பில் துணி நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டாள். முடி வெட்ட வந்தவர்கள் ரகசியம் கேட்டார்கள். காலையில் வெள்ளரிச் சாறு குடிப்பதாகச் சொன்னாள். பொய்யில்லை, குடிக்கத்தான் செய்தாள். அவள் பேச்சை நம்பி அந்தத் தெருவே வெள்ளரிக்காயைப் பிழிந்து குடித்துவிட்டுப் பசியில் எரிந்து விழுந்தது.

கடை அவளுடைய நாத்தனாருடையது, அதாவது கணவனின் அக்காவுடையது. இருவருக்கும் ஏசி ரிமோட்டை வைத்து ஓயாத சண்டை.

"இன்னும் குறைச்சா வர்றவங்களுக்குக் கம்பளிதான் போர்த்தணும்" என்பாள் நாத்தனார்.

"எனக்கு வேர்த்து ஊத்துது அண்ணி."

"உனக்கு மட்டும் தனியா ஒரு சூரியனா?"

வீட்டில் வேறு கதை. அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில், பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்களோ என்று கணவன் எழுந்து போய்ப் பார்த்தானாம்.

பிறகு ஒருநாள் கத்திரி ஒரு டீச்சரின் காதில் பட்டுவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். டீச்சர் நல்ல மனுஷி. "போகட்டும், பசங்க கத்துறதைக் கேக்க இன்னொரு காது இருக்கே" என்று சிரித்துவிட்டுப் போனார். நாத்தனார் சிரிக்கவில்லை.

"கையை நீட்டு. பார், எப்படி நடுங்குதுன்னு. இனிமே தலை அலசுற இடத்துல நில்லு. கத்திரியைத் தொடாதே."

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"கை நிக்கிற வரைக்கும். நிக்கலேன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆள் பார்ப்பேன். சொந்தம்னு பார்த்து, வர்றவங்க காதை அறுக்க விட முடியுமா?"

பிரசவத்துக்குக்கூட அழாதவள், ஷாம்பு தீர்ந்துபோனதற்கெல்லாம் அழ ஆரம்பித்தாள். போதாக்குறைக்கு அவள் முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கடையில் தலைக்குச் சாயம் பூசுகிற தோழி இரக்கப்பட்டு, "வாடி, நுனியையாவது வெட்டி விடறேன்" என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

மேலே போர்த்துகிற துணிக்குக் கழுத்தில் வரிசையாகப் பட்டன்கள் உண்டு. அவள் எப்போதும் கடைசிப் பட்டன்காரி, மெல்லிய கழுத்து. அன்று அந்தப் பட்டன் எட்டவே இல்லை.

"ஏன்டி, உடம்பு ஒட்டடைக் குச்சியாட்டம் ஆயிடுச்சு, கழுத்து மட்டும் எப்படிக் குண்டாச்சு?"

"துணி சுருங்கியிருக்கும்."

"இது ரப்பர் துணி, சுருங்காது."

பம்பரம் கண்ணாடியைப் பார்த்தாள். நாளெல்லாம் அதன் முன்னால் நின்றும் அடுத்தவர் தலையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. தொண்டைக்குழிக்கு மேலே ஒரு வீக்கம். எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்கியது. கண்களோ அப்போதுதான் யாரோ பெரிய வம்பு சொன்ன மாதிரி விழித்துக்கொண்டிருந்தன.

"டாக்டர்ட்ட போ. போகும்போது வெள்ளரிக்காயைக் கையோட எடுத்துட்டுப் போகாதே" என்றாள் தோழி.

டாக்டரம்மா பின்னால் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்தார். நீட்டிய விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். காற்றே இல்லாமல் அது படபடத்தது. ரத்தப் பரிசோதனை வந்ததும் விளக்கினார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு அதுதான் சொல்லும். உங்களைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தப்பா அதைத் தூண்டி விட்டுட்டு இருக்கு. சில பேருக்கு அதுல கட்டி வந்தும் இப்படி ஆகும். உங்களுக்குக் கட்டி இல்லை."

"அப்போ நான் இளைச்சது?"

"தின்னதெல்லாம் எரிஞ்சு போகுது."

"வெள்ளரிக்காய்?"

"அது பாவம், அதை விட்டுடுங்க."

மாத்திரை இரண்டு வகை. ஒன்று படபடப்பையும் நடுக்கத்தையும் சீக்கிரமே தணிக்கும். இன்னொன்று சுரப்பியை மெல்ல அடக்கும். அதற்கு வாரக்கணக்காகும், ஒரு வருஷத்துக்கு மேலேயும் சாப்பிட வேண்டியிருக்கும். அதற்கும் மசியாவிட்டால் கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை. "சுரப்பி மாத்திரை அபூர்வமா ரத்தத்துல வெள்ளை அணுவைக் குறைச்சிடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா அதை நிறுத்திட்டு அன்னைக்கே ஓடி வாங்க" என்று இரண்டு முறை சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கத்திரி பிடிக்கலாமா?"

"கை நின்னதும் பிடிங்க."

மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கிக்கொண்டு அவள் ஊரார் தலைகளை அலசினாள். மறுபடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். ஊக்கு கழன்றது, தூக்கம் வந்தது. தோழியின் தலையில் வெட்டிப் பழகியும் பார்த்தாள். ஒரு முடிகூடப் பிசகவில்லை. ஆனாலும் நாத்தனார் அவளைத் தலை அலசும் இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தாள். ஜன்னலோரத்து நாற்காலியில் யாரோ புதுசாக ஒருத்தி வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனதாகவும் பேச்சு.

ஒரு காலையில் கடை திறந்ததும் நாத்தனார் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"காதோரம் வளர்ந்திருக்கு. வெட்டு."

"அண்ணி, நீங்களா?"

"பின்னே, காசு குடுத்து வர்றவங்க காதையா பணயம் வைக்கச் சொல்றே?"

கண்ணை இறுக்கி மூடி, நாற்காலியின் கைப்பிடிகளைப் பல் பிடுங்க வந்தவள் மாதிரி பிடித்துக்கொண்டாள் நாத்தனார். கத்திரி காதைச் சுற்றி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பிடியில் பிடி தளர்ந்தது. கடைசியில் லேசான குறட்டையே கேட்டது.

அவளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. நாத்தனார் கண்ணாடியில் ஒரு பக்கம் பார்த்தாள், மறு பக்கம் பார்த்தாள். எழுந்து, வாசலில் காத்திருந்த பெண்ணிடம் போனாள்.

"உள்ளே வாங்க. ஜன்னல் பக்கம் உக்காருங்க, அவ வெட்டுவா."