மாமனாருக்கு ஓர் உத்தரவு

எழுபதுகளின் தொடக்கத்தில், சாலையோரக் கால்வாய்களைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் நான் கிராணி, அதாவது எழுத்தர். எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும் காலம் வந்தது. அந்த நாற்காலிக்கு, கீழிருந்து படித்து ஏறிய நம்மாள் ஒருவரைப் போட முடிவு செய்தார்கள். ஆனால் மூன்று மாதம் துரை கூடவே இருந்து பார்த்து, "இவர் சரி" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு துரை வந்து இறங்குவார்.

நம்மவர் வேலையில் புலி. எந்தக் கால்வாய் எந்த மழைக்கு வழியும் என்று படத்தைப் பார்க்காமலே சொல்வார். சங்கடம் ஒன்றுதான். கூலியாட்களை மேய்க்கும் மண்டோர், அவருடைய மாமனார்.

பெண் கொடுத்தவரை ஏவுவதா? துரை முன்னால் தொப்பியைக் கையில் பிடித்து நிற்கிற மண்டோர், இவர் வந்தால், "வாங்க மாப்பிள்ள, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். மாமா நிற்கும்போது மாப்பிள்ளை எப்படி உட்காருவார்? இருவரும் நிற்க, நாற்காலி சும்மா கிடக்கும். உத்தரவெல்லாம் துண்டுச் சீட்டில் என் கைக்கு வரும். கொண்டு ஓடுவேன். "என்ன கிராணி, கல்யாணத் தரகரா ஆயிட்டீங்களா?" என்று ஆட்கள் கிண்டலடிப்பார்கள்.

"அவர் ஏன் வாய்திறந்து சொல்வதில்லை?" என்று துரை ஒருநாள் கேட்டுவிட்டார்.

"தொண்டைக்கட்டு, சார்" என்றேன். இரண்டு மாதத் தொண்டைக்கட்டு!

தீபாவளிக்கு முதல்நாள் காலையில் மழை கொட்டியது. தேக்கா கடைத்தெருப் பக்கம் வாழையிலையும் அட்டைப் பெட்டியும் அடைத்து, கால்வாய் விளிம்புவரை தண்ணீர். துரை குடைபிடித்து நின்றார்; பக்கத்தில் மாப்பிள்ளையும் நானும் நனைந்துகொண்டிருந்தோம். மண்டோரோ ஆட்களோடு காப்பிக்கடைக்குள் இருந்தார்.

"மழ விடட்டும் மாப்பிள்ள. பசியாறிட்டு எறங்குறோம்."

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். அது நனைந்து கூழாகியிருந்தது. என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார்.

"மாமா! கடைக்குள்ள தண்ணி ஏறப்போவுது. பசியாற அப்புறம். இப்பவே ஆள எறக்குங்க!"

கத்திவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

மண்டோர் ரொட்டியைக் கீழே வைத்தார். எழுந்து மழைக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"இதச் சொல்ல ரெண்டு மாசமா, மாப்பிள்ள? சலாம் யாருக்கு வைக்கிறதுன்னு தெரியாம என் கை நமநமன்னு கெடந்துச்சு லா!" என்றவர் ஆட்கள் பக்கம் திரும்பினார். "டேய், ஆபீசர் சொல்லிட்டாரு! வெள்ளம் வர்றதுக்கு முன்னதான் அணை, வந்தப்புறம் வாளிதான். எறங்குங்கடா!"

முதலில் குதித்ததும் அவர்தான். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது.

"தொண்டை குணமாகிவிட்டது போலிருக்கிறதே" என்று துரை என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினார். மூன்று மாதம் முடியக் காத்திராமல் அந்த வாரமே, "இவர் சரி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மழைக்கு மறுநாள் தோ பாயோ அடுக்குமாடியில் மாமனார் வீட்டில் தீபாவளி விருந்து. எனக்கும் ஓர் இலை. மாப்பிள்ளை போதும் போதும் என்று இலையை மறைக்க, மண்டோர் வடைத் தட்டோடு குனிந்தார்.

"கைய எடுங்க. இங்க நான்தான் ஆபீசர்."

மாப்பிள்ளை கையை எடுத்தார். எடுத்த கையாலேயே ஒரு சலாம் வைத்தார்.