அத்தை பாடாமல் சொன்ன எண்

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம் மலாக்காவே குதூகலமாக இருந்தது. காஜா பேராங்கில் எங்கள் வீடு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. காரணம், அப்பாவின் தங்கையான என் அத்தை. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, "பொண்ணு ஒரு பாட்டு பாடட்டும்" என்பார்கள். அத்தை வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்குப் பாடவும் தெரியாது, ஒப்புக்கு முனகவும் வராது. வந்தவர்கள் போனவர்கள்தான். இந்த இடமும் தட்டிப்போனால் இனி யாரையும் அழைக்கப் போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

உஜோங் பாசிரிலிருந்து வந்த மாப்பிள்ளை நில அளவை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய அம்மா வழக்கம்போலப் பாட்டுக் கேட்டார்.

"பாட்டு வராதுங்க. எனக்குப் பிடிச்ச நம்பர் ஒன்னு இருக்கு, அதச் சொல்லட்டுங்களா?" என்றாள் அத்தை.

அப்பாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அத்தையோ கச்சேரிக்கு உட்கார்ந்தவள் மாதிரி நிமிர்ந்துகொண்டாள். ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுபத்தொன்று. அதோடு ஒன்றைக் கூட்டினால் பாதி, அதில் பாதி என்று மிச்சமே விழாமல் ஒன்று வரைக்கும் இறங்கி வருமாம். ஒன்றைக் கழித்தால் இரண்டு பேருக்கும், மூன்று பேருக்கும், ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கு வைக்கலாமாம். ஆனால் நடுவில் நிற்கும் அந்த எண்ணை மட்டும், ஒன்றையும் அதையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாதாம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் எவ்வளவு அழகாக இருந்தாள்! எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைத் தேடினார். மாப்பிள்ளை மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அவ்வளவுதான், முடிந்தது கதை என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அதே மாப்பிள்ளை தனியாகச் சைக்கிளில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, அந்த நம்பர ஐந்நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்துட்டேன். எதுலயும் சரியா வரல. ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்கு. இன்னும் எவ்வளவு தூரம் போகணும்னு உங்க தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

அப்பா பதில் சொல்வதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"முந்நூத்து அறுபத்திரண்டோட நிறுத்தியிருக்கலாம். அதை அதாலயே பெருக்கினா கிட்டத்தட்ட அந்த நம்பரே வந்துடும். அதுக்கு மேல உள்ள எண் ஒன்னு வகுத்தா, அதுக்கு ஜோடியா ஒரு சின்ன எண்ணும் வகுக்கணும். சின்னதெல்லாம்தான் முன்னாடியே பார்த்துட்டீங்களே."

"அப்ப மிச்சமெல்லாம் வெட்டி வேலையா?" என்று அவர் சிரித்தார். திரைக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது.

இத்தனை பெரிய மனிதருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்றுகூடத் தெரியவில்லையே என்று நான் அவருக்காக வருத்தப்பட்டேன். இப்படி வீணாகக் கணக்குப் போட்டிருந்தால் எனக்கு அத்தையிடம் நல்ல குட்டு விழுந்திருக்கும். அவருக்கு மட்டும் அவள் ஏன் தானே கோப்பி கலந்து கொண்டுவந்து நீட்டினாள், அதைப் பார்த்ததும் அப்பா ஏன் பஞ்சாங்கத்தைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார் என்பதெல்லாம் அன்று எனக்கு விளங்கவேயில்லை.