மாப்பிள்ளையைச் சொந்தக்காரனாக்கிய கேதீஸ்வரன்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த டூங்கபியில் கேதீஸ்வரனைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். சாமத்திய வீடோ, அரங்கேற்றமோ, அந்தியேட்டியோ, எதுவானாலும் மைக் எப்படியோ அவர் கைக்குப் போய்விடும். போனால் லேசில் திரும்பி வராது. நில அளவை வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்ற நாள் முதல் மற்றவர்களின் காதுகளுக்குத்தான் ஓய்வில்லை.

உலகத்து மொழிகளெல்லாம் தமிழின் வயிற்றில் பிறந்தவை என்பது அவருடைய கட்சி. கொரிய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் ஏற்கெனவே பேர் வைத்துக் காது குத்தி முடித்திருந்தார். துருக்கி மொழி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அதற்கும் வழி பிறந்தது மகள் நிரூபாவால். பக்கத்து மெரிலேண்ட்ஸில் இருக்கும் எம்ரே என்ற துருக்கிப் பெடியனைத்தான் கட்டப்போவதாக அவள் சொன்னாள்.

கேதீஸ்வரன் குதிக்கவில்லை. சொல்லப்போனால் எம்ரேயை அவருக்குப் பிடித்துமிருந்தது. அவர் பேசும்போது கைத்தொலைபேசியைப் பார்க்காத ஒரே இளந்தாரி அவன்தான். அவருக்கு இருந்த கவலை வேறு. கோயில் வீதியில் யாராவது வழிமறித்து, "பெடியன் எவடம்?" என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? கந்தர்மடமா, கரவெட்டியா என்று ஊர்ப்பெயரை எதிர்பார்த்து நிற்கும் முகத்தைப் பார்த்து, துருக்கியிலுள்ள அனத்தோலியா என்று சொல்ல முடியுமா?

அதனால் சனிக்கிழமைகளில் துருக்கி வகுப்புக்குப் போகத் தொடங்கினார். அங்கேதான் அவருக்கு வெளிச்சம் கிடைத்தது. துருக்கி மொழியில் வினைச்சொல்லின் வாலில் ஒரு சின்ன விகுதியை ஒட்டினால் அது பெயர்ச்சொல்லாகிவிடும். 'பில்' என்றால் அறி. 'பில்கி' என்றால் அறிவு. 'செவ்' என்றால் நேசி. 'செவ்கி' என்றால் நேசம். கேதீஸ்வரன் கதிரையை விட்டு எழும்பியே விட்டார். கல், கல்வி! கேள், கேள்வி! எங்களுடைய 'வி' கப்பலேறிப் போய் அங்கே 'கி' ஆகியிருக்கிறது!

எத்தனையோ மொழிகள் இப்படி வாலில் ஒட்டித்தான் சொல் ஆக்குகின்றன, அதனால் அவை சொந்தமாகிவிடாது என்று ஆசிரியை பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். பெற்ற தாயைத் தெரியாத பிள்ளை என்று கேதீஸ்வரன் அவர்மேல் இரக்கப்பட்டார். மொழி சொந்தமென்றால் மாப்பிள்ளையும் தூரத்துச் சொந்தம். இனி எவன் கேட்டாலும் பதில் உண்டு. தமிழ்ச் சங்கத் தலைவரிடம் "எனக்கு இது விருப்பம்" என்று மூன்று சொல்லில் சொல்வதைவிட ஒரு மொழியின் சரித்திரத்தையே மாற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

எம்ரேயின் வீட்டார் முறைப்படி பெண் கேட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். நிரூபா தகப்பனுக்கு முன்கூட்டியே எல்லாம் விளங்கப்படுத்தினாள். "எம்ரேன்ர அப்பா உங்களிட்டைக் கேப்பார். நீங்கள் ஓம் எண்டு சொன்னால் காணும். யோசிச்சுச் சொல்லுறன் எண்டால் அவைக்கு அது நோ. அப்பா, ப்ளீஸ், கீப் இற் ஷோர்ட்."

"ஓம் ஓம்," என்றார் கேதீஸ்வரன், மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தபடி.

அவர்கள் ஞாயிறு பின்னேரம் பூவும் சொக்கிலேற்றுமாக வந்தார்கள். கூடவே ஒரு வெள்ளித் தட்டில் சிவப்பு நாடாவால் இணைத்த இரண்டு மோதிரங்களும் ஒரு கத்தரிக்கோலும் இருந்தன. நிரூபா குசினியில் கோப்பி போட்டாள். மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சீனிக்குப் பதிலாக உப்பைப் போடுவது அவர்களது வழக்கம். அவன் முகம் சுளிக்காமல் குடித்தால் எல்லோரும் சிரித்துக் கைதட்டுவார்கள். எம்ரேயின் தகப்பன் ஹாலித் தொண்டையைச் செருமி, இறைவனின் பெயரால் உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்கிறோம் என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார்.

வீடு அமைதியானது. இப்படியொரு அமைதி கிடைத்தால் கேதீஸ்வரன் விடுவாரா? தொலைக்காட்சியைப் போட்டார்.

'பில்கி' வந்தது. 'செவ்கி' வந்தது. கல்வியும் கேள்வியும் வந்தன. 'வெர்' என்றால் கொடு என்று அவர் சொன்னபோது ஹாலித் ஆவலோடு நிமிர்ந்தார். அதனோடு 'கி' சேர்த்தால் 'வெர்கி', அதாவது அரசாங்கத்துக்குக் கட்டும் வரி என்று கேதீஸ்வரன் தொடர, அவர் மறுபடி சாய்ந்துகொண்டார். எம்ரே உப்புக் கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தான். பாவம், ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் கைதட்டவில்லை.

"சகோதரம், உங்கள் பதில்?" என்று ஹாலித் கேட்டார்.

"அதற்குத்தான் வருகிறேன், இன்னும் விகுதிகள் இருக்கின்றன," என்றார் கேதீஸ்வரன்.

ஹாலித்தின் மனைவி கைப்பையை எடுத்தாள். உங்களைச் சிரமப்படுத்திவிட்டோம் என்று மெல்லச் சொல்லி ஹாலித் எழும்பினார். தொழுகைக்கு நேரமாகிவிட்டது போலும் என்று கேதீஸ்வரன் நினைத்தார். அடுத்த படத்தைப் போடத் திரும்பியபோதுதான் குசினி வாசலில் நின்ற நிரூபாவைக் கண்டார். அவள் கோபமாக நிற்கவில்லை. கண் நிறைந்து, தகப்பனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனைவி யோகா சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினாள். தொலைக்காட்சி செத்தது.

"அண்ணை, இருங்கோ," என்றாள் ஹாலித்திடம் தமிழிலேயே. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "வீ கிவ். டோட்டர், வீ கிவ்," என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வீடு கலகலப்பானது. ஹாலித்தின் மனைவி யோகாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். மோதிரங்கள் விரலேறின. நடுவில் தொங்கிய நாடாவை வெட்ட வேண்டியவர் வீட்டுப் பெரியவர். கேதீஸ்வரன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து கையை நீட்டினார். நிரூபா தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். அவருடைய கையைத் தாண்டித் தாயிடம் கொடுத்தாள்.

நீட்டிய கையை அவர் மெல்ல இறக்கினார். நாடா அறுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் நின்று, "ஓம்," என்றார் கேதீஸ்வரன். இன்னொரு தரமும் சொன்னார். இப்போது அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.