ஹார் என்றால் மாலையாம்

போனில் பேசுவது என்றாலே எனக்கு ஆகாது. நேரில் என்றால் தலையையாவது ஆட்டித் தப்பித்துவிடலாம். அப்படிப்பட்ட நான் தாராபுரத்துக்குப் பேசியாக வேண்டியிருந்தது.

அங்கிருந்து என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முடிவு இன்னும் சொல்லவில்லை. பையனுக்கு நாக்பூரில் வேலை. லீவில் வரும்போது காந்திபுரத்தில் ஓர் இந்திப் படம் பார்க்கலாம், இரண்டு குடும்பமும் வரட்டும் என்று அவன் மகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். அவன் அப்பாவிடம் முறையாகக் கேட்க வேண்டியது நான்.

படத்தின் பெயர் ‘பெஹ்லி ஹார்’. ‘அச்சா’வுக்கு மேல் எனக்கு இந்தி கிடையாது. எங்கள் பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் உருது பேசுகிறவர். படம் என்று சொன்னால் யாரோடு, எதற்கு என்று கேட்பார். சம்பந்தம் முடிவதற்குள் பெரியநாயக்கன்பாளையம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் காலையில் ஒரு வார்த்தை, மத்தியானம் ஒரு வார்த்தை என்று தனித்தனியாகக் கேட்டேன். பெஹ்லி என்றால் முதல். ஹார் என்றால் மாலை.

கல்யாணக் களை உள்ள பெயர் என்று சந்தோஷமாகப் போன் போட்டேன்.

“படம் பேரு என்னுங்க?” என்றார் பையனின் அப்பா.

“முதல் மாலைங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மொத ராத்திரிக்கு முன்னால வார சாயங்காலமுங்களா? வயசுப் புள்ளைகளோட பாக்கற படமா இது?”

“ஐயோ, கழுத்துல போடற மாலைங்க!”

“பையனக் கேட்டுப்போட்டுக் கூப்படறேன்” என்று வைத்துவிட்டார்.

“ஏனுங்க, நீங்க பேசாமயே இருந்திருக்கலாமுங்க” என்றாள் என் மனைவி.

அவரே திரும்பக் கூப்பிட்டார். அது ஒரு மல்யுத்த வீரன் கதையாம். ஹாருக்குத் தோல்வி என்றும் அர்த்தமாம். மாலையாக இருந்தால் ‘பெஹ்லா’ என்று வருமாம். இந்தியில் மாலை ஆணாம், தோல்வி பெண்ணாம். இரண்டையும் எவன் தூக்கிப் பார்த்தானோ!

“மொதத் தோல்விங்களாம். சம்பந்தம் பேசற நேரத்துல சகுனமே செரியில்லைங்க. எல்லாத்தையும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமுங்க.”

சமையலறை வாசலில் மகள் கரண்டியோடு நின்றாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போனில் பின்னாலிருந்து பையனின் அம்மா குரல் கேட்டது.

“மாலைக்கும் தோல்விக்கும் ஒரே வார்த்தைங்களா? அந்த ஊருக்காரங்க வெவரமானவங்கதான். உங்களுக்கு மாலை போட்ட அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாரோம்னு சொல்லுங்க.”

அந்தப் பக்கமும் இப்போது என்னைப் போலவே ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“வாரோமுங்க. எத்தன மணி ஆட்டம்?”

எனக்குத் தெரியாது. வாசலிலிருந்து மகள் மெதுவாகச் சொன்னாள். நான் அதையே திருப்பிச் சொன்னேன்.