எங்கள் தெருக்காரர்

மாமா சாப்பிட உட்கார்ந்தால் முதலில் தன் விரல்களைத்தான் பார்ப்பார். பிளாஸ்டிக் பைப்பை ஒட்டுகிற சொல்யூஷன் விரல் நுனிகளில் காய்ந்து இன்னொரு தோலாகப் படிந்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அதை நகத்தால் சுரண்டி உரித்து, தட்டில் விழாமல் உள்ளங்கையில் சேர்த்து வெளியே போட்டுவிட்டு வந்துதான் சோற்றில் கை வைப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மாமா என்று நான் சொல்வது என் கணவரின் அப்பாவை. கோட்டுச்சேரியில் பைப்புக்காரர் என்றால் அவர்தான். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் கரையேற்றியவர். கல்யாணமோ காதுகுத்தோ, அவர்கள் மூன்று பேர் வீடுகளிலும் அவர் தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. ஆனால் அந்த அதிகாரத்தை அவர் யாரிடமும் காட்டியதில்லை. பாதிச் சாப்பாட்டில் யாராவது வந்து மோட்டார் ஓடவில்லை என்று கத்தினால்கூட, கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். "தண்ணி இல்லாத வீட்டுல மனுசன் மனுசனா இருக்க மாட்டாம்மா. திட்டுனா திட்டிட்டுப் போறான். மொதல்ல தண்ணி வரட்டும்" என்பார். கல்யாணத்துக்குப் பிறகு நான் பி.எட். படிக்க ஆசைப்பட்டபோது வீட்டில் ஆளாளுக்கு இழுத்தார்கள். "படிக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்தவர் அவர். அடைமழையில் மொபெட்டில் என்னைப் பரீட்சைக்குக் கூட்டிப்போய், முடியும்வரை வாசலிலேயே நின்றவரும் அவர்தான். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் இடைவேளையில் கஞ்சி போட்ட காட்டன் புடவையில், இரண்டு டீச்சர்களோடு பேசிக்கொண்டே கை கழுவும் இடத்துக்குப் போனேன். குழாய்த் தொட்டிக்கு அடியில் ஒருவர் தலையை நுழைத்துப் படுத்திருந்தார். முழங்கால்வரை மடித்த லுங்கி, சேறாகிப்போன சட்டை. என் குரல் கேட்டதும் வெளியே வந்தார். மாமா! முகமெல்லாம் சிரிப்பு. "ஏம்மா, சாப்ட்டியா?" என்றார்.

"யாரு டீச்சர், தெரிஞ்சவங்களா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். யோசிக்கக்கூட இல்லை. "எங்க தெருக்காரர்" என்றேன்.

மாமா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு ரெஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆமாங்க, டீச்சரம்மா நம்ம தெருதாங்க" என்றார். என்னைப் பார்த்து, "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். பெற்ற பெண்ணைப் போல வா, போ என்று கூப்பிட்டவர் எனக்கு 'ங்க' போட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பயந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். அவர் வழக்கம்போல, "ஏம்மா, டீ குடிச்சியா?" என்றார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு பள்ளியில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். வரும்போதெல்லாம் என் வகுப்பு வாசலைக் கடக்கையில், "வணக்கம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார். உண்மையைச் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் இருந்தது. சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறோம் என்ற டீச்சர்களிடம் எதையாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். அவர் நன்றாக நடிக்கிறார் என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

போன ஐப்பசியில் மாமா போய்விட்டார். மாமனார் இறந்துவிட்டார் என்று மட்டும் பள்ளிக்குச் சொல்லியிருந்தேன். தலைமை ஆசிரியை மாலையோடு வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவரா உங்க மாமனார்? ஒவ்வொரு தடவை வர்றப்பவும் எங்கிட்ட கேப்பாரே! 'எங்க தெரு டீச்சரம்மா பாடம் எப்புடிங்க நடத்துறாங்க?'ன்னு. ரொம்ப நல்லா நடத்துறாங்கன்னு சொல்லிட்டா போதும், அன்னிக்குச் சொல்லாத வேலையும் ரெண்டு பாத்துட்டுப் போவார்."

பக்கத்தில் நின்ற என் கணவர், "தெரு டீச்சரா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்ன மாமனார்கள் இரண்டு பேரும் பார்த்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். "மாமா அப்படித்தாங்க மேடம், விளையாட்டுக்குச் சொல்வாங்க" என்றேன்.

"ஆமா, அப்பா அப்படித்தான்" என்று அழுகையோடு சிரித்தார் கணவர். கூடியிருந்தவர்களும் நம்பினார்கள். பேச முடியாமல் கிடந்தவர் மேல் அந்தப் பொய்யையும் நான் தூக்கி வைத்துவிட்டேன்.

இந்தப் பக்கங்களை எழுதியது மற்றவர்கள் படிப்பதற்காக அல்ல என்று எழுதும்போதுதான் புரிந்தது. அடுத்த அறையில் என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, இதை அவர் கையில் கொடுக்கப் போகிறேன்.